பீரோவுக்குள் இருந்த யாஷிகா

படப்பெட்டி: வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர் செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெட்டை லென்ஸ் கேமரா பற்றியவை (மேல் லென்ஸில் நாம் பார்ப்போம், கீழ் லென்ஸ் பிலிமில் படம் எடுக்கும்). அதனால் மற்றதெல்லாம் அடுத்த மாதம்.

அப்பா வாங்கிய யாஷிகா டி கேமரா பீரோவில் துணிக்கு அடியில் கிடைத்தது. தோல் உறை பச்சை பூத்திருக்கிறது. கீழ் லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. சரி செய்யலாமா, ஷோகேஸில் வைத்துவிடலாமா? (வாசகர், ஆரியங்காவு)

அந்த வெள்ளை நூல் பூஞ்சை. உங்கள் பக்கம் மழை, எங்கள் பக்கம் சாரல். லென்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். அதிலும் தோல் உறைக்குள் போட்டு, துணிக்கு நடுவே திணித்து, பீரோவைப் பூட்டி வைத்தால் பூஞ்சைக்குப் பந்தி போட்ட மாதிரி. முதலில் அந்த உறையைக் கழற்றுங்கள். அப்பா ஞாபகமாக வேண்டுமென்றால் காயவைத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கேமராவோடு சேர்த்து வேண்டாம்.

அப்புறம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து, ஷட்டர் வேகத்தை 'பி'யில் வைத்து (பட்டனை அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), லென்ஸின் திறப்பான அப்பெர்ச்சரை 3.5 வரை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஷட்டரின் ஸ்பிரிங்கை முடுக்கி ஏற்றி, பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே பின்னாலிருந்து லென்ஸுக்குள் பாருங்கள். முன்னால் வீட்டில் யாரையாவது செல்போன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்தால்தான் அழுக்கு எழுந்து நிற்கும். ஓரத்தில் இரண்டு நூல் என்றால் கவலையே வேண்டாம், படத்தில் தெரியாது. நடுவில் சிலந்தி வலை மாதிரி இருந்தால் படம் புகை படிந்தாற்போல் வெளுத்து வரும், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது இன்னும் மோசம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் லென்ஸைக் கழற்றித் துடைத்துத் தருவார். துடைத்த பிறகும் தடம் தெரிந்தால் பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் இல்லை.

மேல் லென்ஸில் பூஞ்சை இருந்தால் விட்டுத்தள்ளுங்கள். அது நீங்கள் பார்ப்பதற்கு மட்டும், பிலிமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது ஷட்டர். வேகத்தை 1 விநாடியில் வைத்துத் தட்டுங்கள். 'கிர்ர்ர்' என்று ஒரே சீராக ஓடி மூடினால் உங்களுக்கு யோகம். பாதியில் இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. அதற்காக 60க்கு (விநாடியில் 60இல் ஒரு பங்கு) மேலே உள்ள வேகங்களும் போய்விட்டன என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் அவை ஒழுங்காகவே இருக்கும். செல்ஃப் டைமர் கொக்கியை மட்டும் தொடாதீர்கள். பழைய ஷட்டரில் அது மாட்டிக்கொண்டால் மொத்தமும் நின்றுவிடும். சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒருவர் தையல் மெஷின் எண்ணெய் விட்டு எடுத்துக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால், ஷட்டர் தகடுகள் ஐந்தும் நனைந்த நோட்டுப் பக்கம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

சரியானதும் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி ரோஸாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசிப் பானைக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தவிட்டுத் தூசி உள்ளே போகும், ஆகாது. ஷோகேஸ் பேச்சே வேண்டாம். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து எல்லா வேகத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

முதல் பிலிம் கேமரா வாங்கப்போகிறேன். ரோலிஃப்ளெக்ஸ், யாஷிகா, மாமியா, லூபிடெல், சீகல் எல்லாம் கண்ணில் படுகின்றன. எதை வாங்குவது? (கல்லூரி மாணவி, தென்காசி)

இவற்றுள் மூத்தவர் ரோலிஃப்ளெக்ஸ். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரில் ஃப்ராங்கே, ஹைடெக்கே இருவரும் 1929இல் கொண்டுவந்தது. அதன் ஃபோகஸ் குமிழைத் திருகினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கும், அதை மறுக்கவே முடியாது. ஆனால் விலையில் பாதி அந்தப் பேருக்காகத்தான் போகும். அதே கம்பெனியின் சின்னத் தம்பி ரோலிகார்ட் 1933இல் வந்தது. நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாமியா சி வரிசையில் லென்ஸை மாற்றலாம், ஆனால் கனம். குற்றாலத்தில் ஐந்தருவிப் படி ஏறி இறங்கினால் கழுத்து சொல்லிவிடும். லூபிடெல் ரஷ்யாவில் செய்த பிளாஸ்டிக் பெட்டி. லேசானது, மலிவானது, ஃபோகஸ் கண்ணாடி மங்கல். பழகிப்பார்க்க ஆகும். சீகல் சீனாக்காரன் செய்தது, ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது இருக்காது. மினோல்டா ஆட்டோகார்டின் லென்ஸ் அருமை. ஆனால் அடியில் இருக்கும் ஃபோகஸ் நெம்புகோல் உடையும், அதைத் தள்ளிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் 1981இல் வாங்கியது யாஷிகா மேட் 124ஜி. வளைகுடாவிலிருந்து திரும்பிய புனலூர்க்காரர் ஒருவரிடம், பெட்டி பிரிக்காமல். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் பிலிமும் நகரும், ஷட்டரும் ஏறும். 1986 வரை இந்த மாடல் வந்தது. அதன் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு வேண்டிய பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. போகட்டும், போனில் லைட் மீட்டர் ஆப் இருக்கிறது.

என் தீர்ப்பு: பேரைப் பார்க்காதே, கீழ் லென்ஸையும் ஷட்டரையும் பார். இன்னொரு சோதனையும் இருக்கிறது, அதை நான் காசு கொடுத்துக் கற்றேன். அந்த 124ஜியை ஒருமுறை பெரிய ஊர் மெக்கானிக் ஒருவரிடம் துடைக்கக் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. அடுத்த வாரக் கல்யாணத்தில் எடுத்த நான்கு ரோலிலும் ஒரு முகம்கூடக் கூர்மையாக இல்லை. கீழ் லென்ஸைத் திரும்ப முடுக்கும்போது சரியாக உட்காரவைக்கவில்லை. மேலே பார்த்தால் ஃபோகஸ் பிரமாதம், கீழே பிலிமில் எல்லாம் கலங்கல். பெண்ணின் அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் இரண்டு தண்டவாளத்தின் மேல் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டு. ஷட்டரை 'பி'யில் திறந்து தூரத்து டவர் ஒன்றைப் பார். மேலே பார்க்கும் ஃபோகஸ் கண்ணாடியிலும் பட்டர் பேப்பரிலும் அது ஒரே நேரத்தில் கூர்மையாக வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மேலிருந்து குனிந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரிகிறது. ஓடுகிற பிள்ளையைத் துரத்தினால் கேமரா எதிர்ப்பக்கம் போகிறது. பழகுமா? (வாசகர், புளியரை)

இரண்டு ரோலில் பழகும். உள்ளே ஒரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி என்பதால் நிமிர்ந்து தெரியும், ஆனால் பக்கம் மாறும். பிள்ளையைத் துரத்தாதீர்கள். அது எங்கே வந்து நிற்கும் என்று பார்த்து அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். (உள்ளே இருக்கிற அந்தக் கண்ணாடியைத் துணியால் துடைக்க வேண்டாம். வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது, கையோடு வந்துவிடும். பம்பு வைத்து ஊதுங்கள், போதும்.)

குனிந்து பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. கேமராவை முகத்துக்கு நேரே தூக்கினாலே நம் ஆட்கள் விறைத்துவிடுவார்கள், சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொள்வார்கள். வயிற்றுக்கு நேரே வைத்துக் குனிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரானூர் பார்டரில் மரக்கடைக்குப் பக்கத்தில் வெற்றிலை விற்கும் ஒரு ஆச்சியைக் கால்மணி நேரம் எடுத்தேன். கடைசியில் கேட்டார்: "என்னய்யா, வந்ததிலேருந்து குனிஞ்சே நிக்கே, துட்டு கிட்டு விழுந்துட்டா?"

கூட்டமென்றால் தலைக்கு மேலே தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்து எடுக்கலாம். ஆரியங்காவு சாஸ்தா திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராக வருவார்களே, அந்த நெரிசலில் எனக்கு வேறு வழியே இருந்ததில்லை.

முதல் ரோலில் கிட்டத்தில் எடுத்த எல்லாருக்கும் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு படத்தில் பாட்டியும் பசுமாடும் ஒன்றாக வந்திருக்கிறார்கள். என் கேமராவும் யாஷிகா டி. (வாசகர், புனலூர்)

தலை போனதற்குக் காரணம், நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸில், படம் விழுவது கீழ் லென்ஸில். தூரத்தில் வித்தியாசம் தெரியாது, ஒரு மீட்டருக்குள் வந்தால் தலை போகும். ரோலிஃப்ளெக்ஸில் உள்ளேயே சட்டம் நகர்ந்து சரிசெய்துவிடும். உங்களுடையதில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோகஸ் செய்த பிறகு கேமராவை இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள அளவுக்கு அப்படியே மேலே தூக்குங்கள். ஸ்டாண்டில் என்றால் நடுத்தண்டை உயர்த்தினால் போதும்.

பாட்டியும் பசுமாடும் உங்கள் மறதி. டி மாடலில் பிலிம் சுற்றுவது தனி, ஷட்டர் ஏற்றுவது தனி. சுற்றாமல் ஏற்றித் தட்டினால் அது தடுக்காது. எடுத்தவுடனே சுற்று என்பதுதான் என் முதலாளி சொல்லித்தந்த முதல் பாடம். அது ஏறுவதற்கு முன்னால் நானும் ஒரு மாப்பிள்ளை தலையில் வாழை இலையும் கூட்டும் பொரியலும் வைத்து எடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் இன்னும் அதை வைத்துச் சிரிக்கிறார்கள்.

ஃப்ளாஷ் போட்டால் பாதிப் படம் இருட்டாகுமா? (கடையநல்லூர்)

ஆகாது. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் 500 வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் பிடிக்கும். கொக்கி 'எக்ஸ்'இல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், 'எம்' பழைய பல்புக்கு.

கையில் போன் இருக்க 12 படத்துக்கு இவ்வளவு பாடா? (தென்காசி)

சரிதான். போனிலேயே எடுங்கள்.

இந்தக் கேமராவின் 120 ரோலை வீட்டில் கழுவ முடியுமா? பதின்மூன்று வளைவுள்ள நம் ரயில் பாலத்தை, பதின்மூன்று கண்ணறைப் பாலத்தை, எடுக்க ஆசை. (அதே ஆரியங்காவு வாசகர்)

முடியும். நான் தொழில் பழகும்போது ஊட்டியில் செய்த 'இந்து' ரோல் வரும். இப்போது எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை ரோல் வாங்குங்கள், பிலிமின் வேகம் 400, மழைக்கால வெளிச்சத்துக்கு ஏற்றது. டி-76 டெவலப்பரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். நம் தொட்டித் தண்ணீர் 20க்கு எங்கே வரும்? டெவலப்பர் பாட்டிலைப் பக்கெட்டில் நிறுத்திச் சுற்றிலும் ஐஸ் போடுங்கள், உள்ளே போடக்கூடாது. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். பிலிமை ரீலில் ஏற்றுவதற்கு முன்னால் பழைய ரோல் ஒன்றை வீணாக்கிக் கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை பழகுங்கள். கை ஈரமாக இருந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும், இருட்டில் அழுகை வரும்.

பாலம் 1904இல் வந்த கொல்லம் ரயில் பாதையோடது. நீளமானது, உங்கள் படமோ சதுரம். பதின்மூன்றையும் அடக்க ஆசைப்பட்டால் பாலம் நடுவில் ஒரு கோடாக நின்றுபோகும். நான்கோ ஐந்தோ கண்ணறை போதும். கேமராவை அண்ணாத்தாதீர்கள், தூண்கள் உள்ளே சாயும். மட்டமாக வைத்து, கீழ்ப்பாதியில் ரோட்டையோ ஆற்றையோ விட்டுவிடுங்கள். மழை விட்டதும் கல் கறுத்திருக்கும், பாசி பளபளக்கும். அந்த நேரத்தில் 60 வேகத்தில் அப்பெர்ச்சர் 5.6 வைத்துப் பாருங்கள். ரயில் வந்தால் 250க்கு ஏற்றி 2.8 தேடாதீர்கள், உங்கள் லென்ஸ் 3.5 வரைதான் திறக்கும். அதற்கு வெயில் வரும்வரை கீழே டீக்கடையில் உட்காருங்கள்.