பிரைமரிக் கூட்டத்துக்குப் போகலாமா, பணம் கொடுக்கலாமா?

தம்பி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவாவுக்குக் குடிவந்து நாலு மாதம் ஆவதற்குள் பக்கத்து வீட்டு அம்மா உங்களை ஓர் அரசியல் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஒரு செனட்டர் வருகிறாராம், காபி, பிஸ்கட் உண்டாம். நீங்கள் பதறிப்போய்க் கேள்விகளை அனுப்பியிருக்கிறீர்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் போகலாமா, அங்கே பணம் கேட்டால் ஐம்பது டாலராவது கொடுக்கலாமா, அதிபர் தேர்தல் 2028-ல் இருக்கும்போது ஏன் இப்போதே வருகிறார்கள், ஏன் எல்லாரும் யார் எவ்வளவு நன்கொடை திரட்டினார் என்பதையே பேசுகிறார்கள். கடைசியாக, உங்கள் மனைவி, எச்-1பி-காரரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார், அவர் ஒரு வேட்பாளருக்குத் தன்னார்வலராக வேலை செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். அந்த அம்மா கூப்பிட்டதில் உள்நோக்கம் எதுவும் இல்லை, நியூ ஹாம்ப்ஷயரில் இது ஊர்ப் பழக்கம். ஆனால் பணம் ஒரு சென்ட்கூடக் கொடுக்கக் கூடாது. இதில் ஐம்பது டாலர், ஐந்து டாலர் என்ற வித்தியாசமே கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அமெரிக்கத் தேர்தல் எதற்கும் நன்கொடை தரக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அதிபர் தேர்தலுக்கு மட்டுமல்ல, ஆளுநர் தேர்தல், நகர மேயர் தேர்தல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கிரீன் கார்டு கைக்கு வந்தபின் கொடுக்கலாம், ஓட்டுதான் போட முடியாது.

கூட்டத்தில் வாசலருகே ஒரு மேஜை இருக்கும். அதில் வேட்பாளரின் பெயர் போட்ட தொப்பி, டி-ஷர்ட், காபி கோப்பை விற்பார்கள். அதையும் வாங்காதீர்கள். பிரச்சாரக் குழுவிடம் பொருள் வாங்கினால் அந்த முழு விலையும் சட்டப்படி நன்கொடைக் கணக்கில்தான் சேரும். நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்குவதும் அப்படியே. "என் பெயரில் போட்டுவிடுகிறேன், நீ எனக்கு வென்மோ செயலியில் பணத்தை அனுப்பிவிடு" என்று நண்பர் யாராவது உதவ வந்தால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். அடுத்தவர் பெயரில் கொடுப்பது குடிமக்களுக்கே குற்றம். தினேஷ் டிசூசா என்ற பிரபல எழுத்தாளர் 2014-ல் இதே குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருக்கு 2018-ல் டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார். உங்களுக்கும் எனக்கும் அதெல்லாம் கிடைக்காது.

நூலக வாசலிலோ திருவிழாவிலோ அட்டையும் பேனாவுமாக நிற்பவர்கள் "வாக்காளராகப் பதிந்துவிட்டீர்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். குடியுரிமை இல்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள். அவசரத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டால், பிற்பாடு கிரீன் கார்டு விண்ணப்பத்தையே அது கெடுத்துவிடும்.

இத்தனை முன்கூட்டியே வருவதற்குக் காரணம் இந்த மாநிலத்தின் பிடிவாதம். பிரைமரி என்றால் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று மாநில வாக்காளர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லும் முதற்கட்டத் தேர்தல். 1920 முதல் நாட்டின் முதல் பிரைமரி இங்கேதான் நடக்கிறது. இதேபோல் தேர்தல் வைக்கும் வேறு எந்த மாநிலத்துக்கும் ஏழு நாளாவது முன்பே இங்கே வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. அயோவாக்காரர்கள் 1972 முதல் எங்களுக்கும் முன்னால் நடத்துவது காக்கஸ், அதாவது சாயங்காலம் பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் கூடி முடிவெடுப்பது. அதனால் சண்டை இல்லை. 2024-ல் ஜனநாயகக் கட்சித் தலைமை தென் கரோலினாதான் முதலில் என்று அறிவித்தது. நியூ ஹாம்ப்ஷயர் கேட்கவில்லை, ஜனவரி 23 அன்று தன்பாட்டுக்கு நடத்தியது. பைடன் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை, ஆதரவாளர்கள் கையால் எழுதி அவரை ஜெயிக்க வைத்தார்கள். 2028-க்கு வரிசை எப்படி மாறினாலும் அரசியல்வாதிகள் அபாயம் எடுக்கத் தயாராக இல்லை. இல்லினாய் ஆளுநர் பிரிட்ஸ்கர் 2025 ஏப்ரலிலேயே இந்த மாநிலத்து மான்செஸ்டரில் கட்சி விருந்தில் பேசிவிட்டுப் போனார். உங்கள் செனட்டரும் "நான் நிற்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை சொல்ல மாட்டார். சும்மா ஊர் பார்க்க வந்ததுபோலப் பேசுவார்.

இங்கே வேட்பாளராகப் பெயர் கொடுப்பதும் சுலபம். தலைநகர் கான்கார்டில் மாநிலத் தலைமைச் செயலகத்துக்குப் போய் ஆயிரம் டாலர் கட்டணம் கட்டி ஒரு படிவம் நிரப்பினால் போதும். தலையில் பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டு, எல்லாருக்கும் இலவசமாக ஒரு குட்டிக் குதிரை தருவேன் என்று வாக்குறுதி கொடுக்கும் வெர்மின் சுப்ரீம் என்பவரும் அப்படித்தான் நின்றிருக்கிறார். அவரைப் பார்த்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல மனிதர்.

சரி, பணத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் ருசியான பகுதி இதுதான்.

தனிநபர் ஒரு வேட்பாளருக்குத் தருவதற்கு உச்சவரம்பு உண்டு. 2008-ல் 2,300 டாலர், 2020-ல் 2,800, 2024-ல் 3,300. பிரைமரிக்குத் தனி வரம்பு, நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலுக்குத் தனி வரம்பு. பொதுத்தேர்தலுக்கென்று வாங்கியதைப் பிரைமரியில் செலவழிக்க முடியாது. இந்த ஒரு விதி புரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும்.

2008 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டவர்களின் 2007 முதல் மூன்று மாதக் கணக்கு வெளியானபோது ஹிலரி கிளின்டன் சுமார் 2 கோடியே 60 லட்சம் டாலர், ஒபாமா சுமார் இரண்டரைக் கோடி என்று செய்தி வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஹிலரிதான் முன்னால். ஆனால் அவர் பணத்தில் கணிசமான பங்கு பெரிய கொடையாளிகள் பொதுத்தேர்தலுக்கென்று சேர்த்துக் கொடுத்தது. பிரைமரியில் செலவழிக்கக்கூடிய பணம் ஒபாமாவிடம்தான் அதிகம். அதுவும் சுமார் ஒரு லட்சம் பேரிடமிருந்து வந்தது. 2,300 டாலரையும் ஒரே தவணையில் கொடுத்தவரிடம் அப்புறம் போய்க் கேட்க வழியில்லை. இருபத்தைந்து டாலர் கொடுத்தவரிடம் அடுத்த மாதமும் கேட்கலாம், அயோவாவில் ஜெயித்த இரவிலும் கேட்கலாம், தோற்ற இரவிலும் கேட்கலாம். இந்த வித்தியாசம் ஒரு வருஷம் கழித்து வெளியே தெரிந்தது. 2008 பிப்ரவரியில், ஜனவரி மாதமே தன் பிரச்சாரத்துக்குத் தானே 50 லட்சம் டாலர் கடன் கொடுக்க வேண்டியிருந்தது என்று ஹிலரி ஒப்புக்கொண்டார். அதே பிப்ரவரியில் ஒபாமா திரட்டியது ஐந்தரைக் கோடி.

அதனால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது, அதே இடத்திலிருந்து மறுபடியும் வருமா என்று பாருங்கள். ஒவ்வொரு வேட்பாளரும் மத்தியத் தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். தேர்தலுக்கு முந்தைய வருஷம் ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, அப்புறம் ஜனவரி 31 என்று அறிக்கைகள் வரும். எல்லாம் இணையத்தில் இலவசம். நான் முதலில் பார்ப்பது கையிருப்பு, அடுத்து கடன், அடுத்து அந்த மூன்று மாதச் செலவு. வரவைவிடச் செலவு அதிகமாக ஓடினால் கிறிஸ்துமஸுக்குள் ஆள் இருக்க மாட்டார். மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர், ஊர், வேலை, வேலை தருபவர் எல்லாம் அதிலேயே இருக்கும். உங்கள் மேலாளர் யாருக்குக் கொடுத்தார் என்றுகூடத் தேடலாம். தேடுங்கள், ஆனால் ஆபீசில் வாய் திறக்காதீர்கள்.

உச்சவரம்பு இருக்கிறதே, பிறகு எப்படிக் கோடிகள் புரளுகின்றன என்று கேட்பீர்கள். 2010-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு சூப்பர் பேக் என்ற அமைப்புகள் முளைத்தன. வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவு செய்யும்வரை அவற்றுக்குத் தரும் பணத்துக்கு உச்சவரம்பு இல்லை (உங்களுக்கு இங்கேயும் தடைதான்). கலந்து பேசுவதில்லை என்பதை நம்புவது உங்கள் விருப்பம். 2015-ன் முதல் பாதியில் குடியரசுக் கட்சியில் போட்டியிட்ட ஜெப் புஷ்ஷுக்கான சூப்பர் பேக் பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது. எல்லாரும் ஆட்டம் முடிந்தது என்றார்கள். எங்கள் மாநிலத்தில் அவர் நாலாம் இடம், 2016 பிப்ரவரி 20 அன்று தென் கரோலினாவோடு விலகினார். கோடீஸ்வரர் புளூம்பெர்க் 2020-ல் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் சொந்தப் பணம் சுமார் நூறு கோடி டாலர் செலவழித்தார். பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாயில் அவர் ஜெயித்தது அமெரிக்க சமோவா என்ற சின்னத் தீவுப் பகுதியை மட்டும். அதே நாளில் பைடன் கையில் காசில்லாமல், தொலைக்காட்சி விளம்பரம்கூடச் சரியாகப் போடாமல், பதினாலு மாநிலங்களில் பத்தை வாங்கினார். மூன்று நாளைக்கு முன் தென் கரோலினாவில் ஜெயித்ததும், போட்டியாளர்கள் இரண்டு பேர் விலகி அவரை ஆதரித்ததும் போதுமாக இருந்தது.

அப்படியானால் பணம் முக்கியமில்லையா? இல்லாதவரைக் கேட்டுப் பாருங்கள். கமலா ஹாரிஸ் 2019-ல் ஒவ்வொரு மூன்று மாதமும் ஒரு கோடிக்கு மேல் திரட்டினார். செலவு அதைத் தாண்டியது. ஒரு ஓட்டுகூடப் பதிவாகும் முன்பே டிசம்பர் 3 அன்று, தொடர்ந்து நடத்தப் பணம் இல்லை, நான் கோடீஸ்வரி இல்லை என்று சொல்லி விலகினார். அன்று நாஷுவாவில் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சோகம். அடுத்த ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக நின்று பேசும்போது அவர் "சித்திகள்" என்று சொன்னதும் அதே குழுக்கள் துள்ளியதைப் பார்த்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் பைடன் விலகியதும் இருபத்து நாலு மணி நேரத்தில் 8 கோடி டாலருக்கு மேல் கமலாவுக்குக் குவிந்தது. நவம்பரில் தோற்றார். பணம் ஒருவரைக் களத்தில் நிற்க வைக்கும், அவ்வளவுதான்.

குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் கதை எனக்குப் பிடித்தது. 2007 கோடையில் அவர் பிரச்சாரம் கிட்டத்தட்டத் திவால். ஆட்களைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பினார், மூத்த ஆலோசகர்கள் போய்விட்டார்கள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார் என்று பத்திரிகைகள் எழுதின. எதிரே மிட் ராம்னி, பக்கத்து மாநில முன்னாள் ஆளுநர், இங்கே ஏரிக்கரையில் வீடு உள்ளவர், சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் இறக்கிக்கொண்டிருந்தார். மெக்கெய்ன் ஊர் ஊராகப் போய் மண்டபத்தில் நின்று, திட்ட வந்தவர்களின் கேள்விக்கும் பதில் சொன்னார். 2008 ஜனவரி 8 அன்று ஜெயித்தார். இது சின்ன மாநிலம் என்பதால் சாத்தியமானது, கலிபோர்னியாவில் நடக்காது. இங்கே கூடம் கூடமாக ஏறி இறங்கினால் பணக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டலாம். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா பிஸ்கட் வாங்கி வைப்பதும் அதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. 2023-ல் குடியரசுக் கட்சி, முதல் விவாத மேடையில் ஏற வேண்டுமானால் 40,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்க வேண்டும் என்றது. தொகை முக்கியமில்லை, தலைகள்தான் கணக்கு. அப்போது வடக்கு டகோட்டா ஆளுநராக இருந்த டக் பர்கம் வசதியானவர். ஒரு டாலர் கொடுத்தால் இருபது டாலர் பரிசு அட்டை அனுப்புகிறேன் என்று அறிவித்து, ஆகஸ்டில் மில்வாக்கி மேடையில் ஏறிவிட்டார். ஓட்டுக்குப் பணம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன! அதே சமயம் அதே கட்சியில் போட்டியிட்ட விவேக் ராமசாமி, தனக்கு நன்கொடை பிடித்துத் தருபவர்களுக்குப் பத்து சதவீதம் கமிஷன் என்றார். அவர் பெற்றோர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அயோவாவில் நாலாம் இடம் வந்து, இங்கே ஓட்டுப் பதிவுக்கு எட்டு நாள் முன்பே விலகி டிரம்பை ஆதரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பதிவுத் தாளில் போன் நம்பர் எழுதாதீர்கள். எழுதினால் "இன்று நள்ளிரவு கடைசிக் கெடு" என்று வருஷம் முழுக்கக் குறுஞ்செய்தி வரும். ஒருவருக்குக் கொடுத்த நம்பர் பத்துப் பேருக்குக் கைமாறும். கேள்வி நேரம் வந்தால் தயங்காமல் கை தூக்குங்கள். நான் இங்கே வேலை விசாவில் இருக்கிறேன், ஓட்டு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வேலைவாய்ப்பு கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பைப் பற்றிக் கேளுங்கள். பாதிப் பேர் "சட்டபூர்வமாக வருபவர்களை வரவேற்கிறேன்" என்று நழுவுவார்கள். விஷயம் தெரிந்தவர் யார் என்று அந்தப் பதிலிலேயே தெரியும். பக்கத்தில் நிற்கும் வாக்காளர்களுக்கும் அப்படி ஒரு வரம்பு இருப்பது அன்றுதான் தெரியவரும்.

மனைவி விஷயம். சம்பளம் இல்லாத தன்னார்வ வேலையைத் தேர்தல் ஆணைய விதிகள் வெளிநாட்டவருக்கும் அனுமதிக்கின்றன. கடிதம் மடிக்கலாம், போன் செய்யலாம், வீடு வீடாகப் போகலாம். இரண்டு எச்சரிக்கை. பணமாகவோ பரிசு அட்டையாகவோ எதுவும் வாங்கக் கூடாது, எச்-4-ல் வேலை அனுமதி இல்லாதவர் என்றால் இதில் இன்னும் கவனம். பணத்தை எங்கே செலவழிப்பது, யாரிடம் கேட்பது போன்ற முடிவெடுக்கும் இடத்திலும் உட்காரக் கூடாது. முதல் நாளே பொறுப்பாளரிடம் தன் விசா நிலையைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே நன்கொடைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, ஜனவரிப் பனியில் கதவு தட்டும் வேலையைக் கொடுப்பார்கள். நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி இப்போதே வாங்கி வையுங்கள்.