மேஸ், ஸ்ரொக்கிங்ஸ்: கேட்டீர்கள், சொல்கிறேன்

அம்மம்மா ‘மேஸ்’ என்கிறார், பிள்ளைகள் ‘சொக்ஸ்’ என்கிறார்கள். எது சரி? (கொக்குவில்)

இரண்டும் சரிதான். மேஸ் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, அவர்களுக்கு அது ‘மெயாஸ்’. மெயா என்றால் பாதி. இடுப்பிலிருந்து பாதம்வரை ஒன்றாக இருந்த ஐரோப்பிய உடுப்பு இரண்டாகப் பிரிந்தபோது கீழ்த்துண்டுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. சிங்களத்திலும் மேஸ்தான். அம்மம்மாவின் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

பழைய ஆங்கிலப் படங்களில் பெண்களின் காலுக்குப் பின்னால் ஒரு கோடு தெரிகிறதே, அலங்காரமா? (சுன்னாகம்)

இல்லை, ஸ்ரொக்கிங்ஸ் என்ற நீண்ட மேஸின் தையல். 1589இல் இங்கிலாந்தின் கல்வெர்ட்டனில் வில்லியம் லீ ஒரு பின்னல் பொறி செய்தார். கையால் பின்னினால் கண்ணி ஒவ்வொன்றாகத்தான் விழும், லீயின் பொறியிலோ ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொக்கி ஊசி, அதனால் ஒரு வரிசை முழுவதும் ஒரே தடவையில் விழுந்துவிடும். முதலாம் எலிசபெத் மகாராணி காப்புரிமை கொடுக்கவில்லை, மனிதர் பிரான்சுக்குப் போய்விட்டார். ஆனால் பொறி நிலைத்தது. அதில் வருவது தட்டைத் துணி; கணுக்கால் பக்கம் கண்ணியைக் குறைத்துக் கால் வடிவத்துக்குக் கொண்டுவந்து பின்னால் மூட்டித் தைக்க வேண்டும். 1940 மே மாதம் அமெரிக்கா முழுவதும் நைலோன் ஸ்ரொக்கிங்ஸ் விற்பனைக்கு வந்தபோதும் அந்தத் தையல் இருந்தது. அப்புறம் யுத்தம், நைலோன் பரசூட்டுக்குப் போய்விட, பெண்கள் வெறுங்காலில் மைப்பென்சிலால் கோடு கீறிக்கொண்டு வெளியே போனார்கள். சவர்க்காரம் இல்லாத காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது நன்றாக விளங்கும். குழாய் மாதிரி வட்டமாகப் பின்னும் பொறிகள் பரவலான பிறகுதான் கோடு மறைந்தது.

மகள் கனடா போகிறாள். 20 டெனியர் ஸ்ரொக்கிங்ஸ் வாங்கவா, 80 வாங்கவா? (நல்லூர்)

9000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். 20இல் கால் தெரியும், 80 மூடிவிடும். 80ஐ எடுங்கள், ஆனால் பனிக்காலத்துக்கு அது மட்டும் போதாது, கம்பளி மேஸும் வேண்டும்.

நான் ஆசிரியை, காலில் நாளம் புடைத்திருக்கிறது. டொக்டர் சொன்ன அழுத்தக் காலுறையைப் போட்டால் மத்தியானத்துக்குள் வலிக்கிறது. (பருத்தித்துறை)

அக்கா, மேல் விளிம்பை மடித்து விடுகிறீர்களா? மடித்தால் அந்த இடத்தில் இறுக்கம் இரட்டிப்பாகி இரத்தம் மேலே ஏறும் வழியையே கட்டிவிடும். கணுக்காலில் கூடிய அழுத்தம், மேலே போகப்போகக் குறைவு, அப்படித்தான் இது பின்னப்படுகிறது, ஆகவே சுருக்கமும் விழக்கூடாது. காலையில் கட்டிலால் இறங்குமுன், வீக்கம் ஏறாத நேரத்தில் போடுங்கள். அளவும் அப்போதே நாடாவால் எடுக்க வேண்டும், சப்பாத்து நம்பரைச் சொல்லி வாங்கினால் சரிவராது. நீரிழிவு இருந்தால் காலின் இரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். தோய்த்த பின் நிழலில் காயப்போடுங்கள், எங்கள் வெயில் இலாஸ்ரிக்கைக் கெடுத்துவிடும்.