ஆடிஷனில் தேர்வாகிவிட்டான், இனி எங்கே சேர்ப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து நல்ல மார்க் வாங்கிய பையன் நடிப்புதான் படிப்பேன் என்று நிற்கிறான், இரண்டு வாரமாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோபத்தோடு சேர்ந்து கொஞ்சம் பெருமையும் அந்த வரிகளில் தெரிந்தது. அவன் தனியாகப் போய் இரண்டு இடத்தில் ஆடிஷன் கொடுத்து, இரண்டிலும் தேர்வாகி வந்திருக்கிறான். அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. திருச்சூர் நாடகப் பள்ளியில் இளநிலைப் பட்டம். சென்னையில் ஒரு தனியார் நடிப்புப் பள்ளியில் ஓராண்டு டிப்ளமோ, கட்டணம் இரண்டரை லட்சம், ஒரு வாரத்துக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்லிக் கெடு. மூன்றாவது அவன் அப்பா சொல்வது: மதுரையில் பி.காம் சேரட்டும், நடிப்பைப் பிறகு பார்க்கலாம்.

எதையும் விட முதலில் பட்டத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் பலரும் சறுக்குவது இங்கேதான். டெல்லியில் இருக்கும் தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அதோடு நாடகங்களில் நடித்த அனுபவமும், இந்தியும் ஆங்கிலமும் புழங்கும் அளவுக்காவது தெரிவதும் வேண்டும். புனே திரைப்படக் கல்லூரியின் இரண்டாண்டு நடிப்புப் படிப்புக்கும் பட்டம் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், இந்திரா பார்த்தசாரதி, கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் இருந்து வளர்த்த நிகழ்கலைத் துறையில் நாடகம் முதுநிலையாக இருக்கிறது, அதற்கும் அப்படித்தான். நாட்டிலேயே முக்கியமான கதவுகள் எல்லாம் பட்டம் என்ற ஒரே சாவியில்தான் திறக்கின்றன. பதினெட்டு வயதுப் பையன் ஓராண்டு டிப்ளமோவோடு வெளியே வந்தால் அந்த மூன்று கதவும் பூட்டியே இருக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படி ஒரு இடத்தில் படித்துவிட்டு, அப்புறம் இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிவிட்டு, இருபத்தொரு வயதில் பி.ஏ. முதலாமாண்டில் போய் உட்கார்ந்தான். வாரம் ஐந்து நாள் வகுப்பு என்று சொல்லிச் சேர்த்தவர்கள் மூன்று நாள்தான் நடத்தினார்களாம். அவன் அம்மா நகையை இன்னும் மீட்கவில்லை.

சென்னைப் பள்ளி அனுப்பிய கட்டண விவரத்தில் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. தனியாகப் போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது நல்ல தடயம். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கான படிப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி போட்டிருக்கிறார்கள் என்றால், கையில் கிடைக்கப்போவது அவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் மட்டுமே. வங்கியும் அதையேதான் பார்க்கும். அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கேட்கலாம், படித்து முடிக்கும்வரை தவணை தள்ளிப்போகும். இந்த டிப்ளமோவுக்குப் பர்சனல் லோன்தான் கிடைக்கும், அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும்.

இனி சென்னைப் பள்ளியில் அவனுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டியது. ஏ.சி. ஹால், பச்சைத் திரை, பெரிய கேமரா, சுவர் முழுக்க நடிகர்கள் படம் என்று பையன் வாய் ஓயாமல் சொல்கிறான் என்கிறீர்கள். அந்தப் படங்களில் இருப்பவர்களில் எத்தனை பேர் அங்கே முழுப் படிப்பும் படித்தவர்கள், எத்தனை பேர் பரிசு கொடுக்க ஒரு நாள் வந்து போனவர்கள் என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். ஆடிஷன் ஐந்து நிமிடத்தில் முடிந்து, அன்று சாயங்காலமே 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. அன்று வந்தவர்களில் யாரையாவது வேண்டாம் என்றார்களா? தேசிய நாடகப் பள்ளியில் முதல் சுற்றில் தேறியவர்களை டெல்லிக்கு வரவழைத்து, நாள்கணக்கில் பட்டறை நடத்தி, ஆடவிட்டு, பாடவிட்டு, சேர்ந்து வேலை செய்யவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ஆளைத் தேடுகிறவர்கள் நேரம் எடுத்துக்கொள்வார்கள். பணத்தைத் தேடுகிறவர்களுக்குத்தான் ஒரு வாரக் கெடு தேவைப்படும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியோடு ஒரு நாடகத் துறைக்குப் போயிருந்தேன். சுற்றிக்காட்ட யாரும் வரவில்லை. காலை ஏழு மணி இருக்கும். மாணவர்களே கூடத்தைப் பெருக்கி, ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் வெறுங்காலோடு உடற்பயிற்சி. அப்புறம் ஒரு பையன் நடுவில் வந்து நின்று, 'அண்ணன் வந்தாச்சா?' என்ற ஒற்றை வரியைச் சொன்னான். 'யாரிடம் கேட்கிறாய்?' என்றார் ஆசிரியர். மறுபடி சொன்னான். 'அந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?' மறுபடி. 'அண்ணன் வரவேண்டும் என்று இருக்கிறதா, வந்துவிடுவானோ என்று பயமா?' இப்படியே அரை மணி நேரம் போனது. கடைசி முறை அவன் குரலை உயர்த்தவே இல்லை. பின்சுவர் ஓரம் நின்றிருந்த நான் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெளியே வந்ததும் அந்த மாணவி, 'சார், இங்கேயே சேர்கிறேன்' என்றாள். அந்தக் கட்டடத்தில் ஒழுகும் ஓடு இருந்தது, கழிப்பறை சுமார்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அழைப்பு இல்லாத ஒரு சாதாரண நாளில் போய் முழு வகுப்பு ஒன்றை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அனுமதிக்க மாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில். பிறகு கடைசி வருட மாணவர்களோடு ஒரு டீ குடிக்க வேண்டும். போன வருடம் எத்தனை நாடகம் போட்டீர்கள், உனக்கு என்ன வேஷம், எல்லாருக்கும் பெரிய வேஷம் சுற்றி வருகிறதா, அழகான நாலு பேருக்கே போகிறதா, படித்து முடித்த அண்ணன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். இவற்றை ஆசிரியரிடம் கேட்டால் பிரசங்கம் கிடைக்கும், மாணவனிடம் கேட்டால் உண்மை கிடைக்கும்.

திருச்சூருக்கு வருகிறேன். அரணாட்டுக்கரையில் இருக்கும் அந்தப் பள்ளியை ஜி. சங்கரப்பிள்ளை 1977-ல் தொடங்கினார். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, ஆகவே பட்டம் பற்றிக் கவலை வேண்டாம். மலையாள இயக்குநர் சியாமபிரசாத் அங்கே படித்தவர். பிளஸ் டூ முடித்த கையோடு நாடகத்தையே பட்டமாகப் படிக்க நம் பக்கத்தில் இப்படி இடங்கள் ரொம்பக் குறைவு. நான் அந்த ஊரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கேரள சங்கீத நாடக அகாதமி அங்கேதான் இருக்கிறது, அது நடத்தும் சர்வதேச நாடக விழாவும் அதே ஊரில்தான். நடிக்கப் படிக்கிறவன் வருடத்துக்கு முப்பது நாடகமாவது பார்க்க வேண்டும். அங்கே சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

தடை என்றால் மொழிதான். வகுப்பும் நாடகமும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். ராஜபாளையத்துப் பையனுக்கு ஆறு மாதத்தில் மலையாளம் காதுக்குப் பழகிவிடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேடையில் பேசுவது வேறு. முதல் வருடம் பேச்சு இல்லாத வேஷங்களே அதிகம் வரலாம், கூடப் படிப்பவர்கள் நீளமான வசனம் பேசும்போது இவன் ஓரமாக நிற்க வேண்டியிருக்கலாம். அதைத் தாங்குவானா என்று அவன்தான் சொல்ல வேண்டும். அங்கே போனாலும் தமிழை விடக் கூடாது. தினமும் அரை மணி நேரம் தமிழைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நாளைக்கு அவன் திரும்பி வந்து வேலை செய்யப்போவது இந்த மொழியில்தான்.

அவன் அப்பா சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. பி.காம் முடித்தால் அதுவும் பட்டம்தான், அதை வைத்து மேலே சொன்ன எல்லா இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரே நிபந்தனை: 'பிறகு பார்க்கலாம்' என்பது கிடையாது. அந்த மூன்று வருடமும் அவன் மேடையில் இருக்க வேண்டும். மதுரை அதற்குத் தோதான ஊர். மு. ராமசாமி நிஜ நாடக இயக்கம் நடத்திய ஊர். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் ஆடும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றைக்கும் அங்கே இருக்கிறார்கள். விடிய விடியப் பேசியும் பாடியும் தொண்டை கட்டாமல் நிற்பது எப்படி என்று அவர்களிடம்தான் கற்க முடியும். மூன்று வருடத்தில் ஆறேழு நாடகம் உருப்படியாகச் செய்திருந்தால், பட்டத்தோடு டெல்லிக்கோ புதுச்சேரிக்கோ தலைநிமிர்ந்து போகலாம். தேசிய நாடகப் பள்ளிக்குப் பெங்களூரிலும் ஒரு மையம் இருக்கிறது, தென் மாநிலத்துப் பிள்ளைகளுக்காக ஓராண்டு நடிப்புப் பயிற்சி தருகிறது.

'நடிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு, திறமை இருந்தால் வராதா' என்று அவன் அப்பா கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவரிடம் சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளை ஞாபகப்படுத்துங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் சின்னப் பையன்களைக் கூடவே தங்கவைத்து, பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்யவைத்துத்தான் ஆளாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்கள். எம்.ஜி.ஆரும் அப்படி ஒரு கம்பெனியில் வளர்ந்தவர். நம் காலத்திலும் பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் ந. முத்துசாமியின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டுத்தான் சினிமாவில் நிலைத்தார்கள்.

அப்புறம் சோறு. இதை மறைக்க மாட்டேன். நடிப்பு படித்த எல்லாரும் நடித்துப் பிழைக்கவில்லை, நிறையப் பேருக்குப் பல வருடம் காத்திருப்புதான். ஆனால் பட்டம் உள்ளவனுக்குப் பக்கவாட்டில் வேலைகள் உண்டு: பள்ளிக்கூடங்களில் நாடக ஆசிரியர், டப்பிங், புதுமுகங்களுக்கு நடிப்புப் பயிற்சி, குழந்தைகளுக்கான நாடகக் குழுக்கள். முதுநிலை முடித்தால் யு.ஜி.சி. நெட் தேர்வில் நாடகம் சேர்ந்த நிகழ்கலைப் பாடம் இருக்கிறது, கல்லூரி ஆசிரியராகப் போகலாம். எப்படியும் முதல் ஐந்து வருடம் அவன் தலையில் கடன் இருக்கக் கூடாது. கடன் இருக்கும் பையன் கிடைத்த எந்த வேஷத்துக்கும் தலையாட்ட வேண்டியிருக்கும்.

என் யோசனை இதுதான். சென்னைக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள், ஒரிஜினல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். மதுரை – குருவாயூர் ரயில் உங்கள் ஊர் வழியாகவே போகிறது, திருச்சூரில் இறங்கிக்கொள்ளலாம். பையனும் அவன் அப்பாவும் சேர்ந்து போகட்டும், நீங்கள் இந்த முறை வீட்டிலேயே இருங்கள். இரண்டு நாள் தங்கி, வகுப்பைப் பார்த்து, ஹாஸ்டலில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரட்டும். திரும்பும் வழியில் அவன் அப்பா வகுப்பைப் பற்றி என்ன பேசினார் என்று பையனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். மொழி தடையாகத் தெரிந்தால் மதுரைக்குப் போவோம், அங்கே எந்தக் குழுவில் சேரலாம் என்று நானே விசாரித்துச் சொல்கிறேன்.