கூரை திறக்கும் இரண்டு சீட் கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

அண்ணா நகர் வாசகர்: மஸ்டா எம்எக்ஸ்-5 கார் 1989-லிருந்து விற்பனையில் இருக்கிறது. டொயோட்டா, ஹோண்டா, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபியட் எல்லாம் போட்டிக்கு வந்து விலகிவிட்டன. மஸ்டாவை விடப் பெரிய கம்பெனிகளே தாக்குப்பிடிக்க முடியாதது ஏன்?

இரண்டு சீட் கார், எந்த ஊரிலும் பெரும்பாலும் வீட்டின் இரண்டாவது அல்லது மூன்றாவது கார்தான். அதனால் ஒரு நாட்டு விற்பனையை மட்டும் நம்பி பாடித் தகடு அழுத்தும் அச்சுகளுக்கும் காரின் அடித்தளமான பிளாட்ஃபாரத்துக்கும் போட்ட முதலை எடுக்க முடியாது. பல நாடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றால்தான் கட்டுப்படியாகும். போட்டியாளர்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை நல்ல உதாரணம். பான்டியாக் சால்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை, ஐரோப்பாவுக்கு ஓப்பல் ஜிடி, தென்கொரியாவுக்கு டேவூ ஜி2எக்ஸ் என நான்கு பெயர்களில் ஒரே காரை டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டன் ஆலையில் தயாரித்தார்கள். பார்க்க அழகான கார், டர்போ இன்ஜினில் 260 குதிரைத்திறன். ஆனால் வலப்பக்க ஸ்டீயரிங் வைத்துத் தயாரிக்கவே இல்லை. பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா மூன்றும் ரோட்ஸ்டரை, அதாவது கூரை திறக்கும் இந்த இரண்டு சீட் காரை, விரும்பி வாங்கும் நாடுகள். மூன்றிலும் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் கதவுகளைத் தாங்களே சாத்திக்கொண்டார்கள். கூரையை மடித்தால் டிக்கியில் ஒரு பெட்டிக்குக்கூட இடமில்லை என்பது அடுத்த குறை. 2009-இல் கம்பெனி திவாலாகி பான்டியாக், சாட்டர்ன் இரண்டு பிராண்டுகளும் மூடப்பட்டபோது காரும் போயிற்று.

டொயோட்டா எம்ஆர்2 ஸ்பைடரில் (1999–2007) இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். வளைவில் திரும்பும் சுகம் அபாரம், ஆனால் சாமான் வைக்க சீட்டுக்குப் பின்னால் சின்னப் பொந்து மட்டும்தான். முதல் சில வருடக் கார்களில் எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் முன்-கேட்டலிஸ்ட் பொடிந்து இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு, சிலிண்டரைக் கீறிவிடும் கோளாறும் இருந்தது. ஹோண்டா எஸ்2000-இன் 2 லிட்டர் இன்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை போகும். ஆனால் அந்த இன்ஜினை ஹோண்டா வேறு எந்தக் காரிலும் பொருத்தவில்லை. முழுச் செலவும் ஒரே கார் தலையில்.

ஃபியட் வேறு வழி பார்த்தது. 124 ஸ்பைடரின் அடித்தளம் மஸ்டாவுடையது, ஹிரோஷிமாவில் மஸ்டா ஆலையிலேயே தயாரானது, தோற்றமும் 1.4 லிட்டர் டர்போ இன்ஜினும் மட்டும் ஃபியட்டுடையவை. செலவு மிச்சம்தான், ஆனால் வாங்குபவருக்கு அதே விலையில் அசலே கிடைத்தது. 2016-இல் வந்த கார் 2020-க்குமேல் நீடிக்கவில்லை.

எம்எக்ஸ்-5 இவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது? இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில் என்ற எளிய அமைப்பு. இன்ஜின்கள் மஸ்டாவின் மற்ற கார்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. தொடக்கத்திலிருந்தே இரண்டு பக்க ஸ்டீயரிங்கும் உண்டு. நான்கு தலைமுறை தாண்டியும் எடை ஏறக்குறைய ஒரு டன்னில் நிற்கிறது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. என் கருத்தில், எடையைக் கூட்டாமல் வைத்த பிடிவாதம்தான் எல்லாவற்றிலும் பெரிது. எடை கூடினால் பெரிய இன்ஜின், பெரிய பிரேக், அகல டயர் என்று விலையும் கூடவே ஏறும்.

தாம்பரம் வாசகர்: அதே எம்எக்ஸ்-5 ஜப்பானில் 1.5 லிட்டர், அமெரிக்காவில் 2 லிட்டர். ஏன் இந்த வித்தியாசம்?

ஜப்பானில் ஆண்டு வரி இன்ஜின் கொள்ளளவைப் பார்த்துப் படிப்படியாக ஏறும்; 1.5 லிட்டர் ஒரு படி. அதனால் அங்கே துணிக்கூரைக் கார் பெரும்பாலும் 1.5. அமெரிக்காவில் அப்படி வரி இல்லை, நெடுஞ்சாலையில் சேரும்போது சட்டென்று வேகம் பிடிக்க வேண்டும். அதனால் 2 லிட்டர்.

வரிதான் காரின் உருவத்தையே தீர்மானிக்கும் என்பதற்கு ஜப்பானில் குறைந்த வரி கட்டும் குட்டிக் கார்களான கேய் கார்களைப் பாருங்கள். 660 சிசி, 64 குதிரைத்திறன், இன்றைய விதிப்படி 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம். இந்தக் கட்டத்துக்குள் ஹோண்டா பீட், சுஸுகி கப்புசினோ (இரண்டும் 1991), டைஹாட்சு கோப்பன், 2015-இல் ஹோண்டா எஸ்660 என ரோட்ஸ்டர்களையே செய்து காட்டினார்கள். நம் நாட்டிலும் இதேபோல ஒரு கட்டம் இருக்கிறது: 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோலில் 1,200 சிசிக்குள் இன்ஜின் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. அந்தக் கட்டத்துக்குள் ஒரு இரண்டு சீட் கார் செய்ய இன்று எந்த இந்தியக் கம்பெனியும் முன்வரவில்லை. இந்தச் சந்தையில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம் இது.

மயிலாப்பூர் வாசகர்: மஸ்டா இந்தியாவில் இல்லை. எம்எக்ஸ்-5 ஒன்றை நானே வரவழைத்தால் சென்னையில் என்ன ஆகும்?

முதலில் பழைய கார் என்றால்: தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலப்பக்க ஸ்டீயரிங் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். வரியும் புதுக் காரைவிட அதிகம். சிங்கப்பூரிலோ ஜப்பானிலோ பத்து வருடக் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது இங்கே பதிவாகாது, பணம் கொடுத்துவிடாதீர்கள்.

புதுக் கார் என்றால், தயாரித்த நாட்டிலிருந்தே நேராக வர வேண்டும். எம்எக்ஸ்-5-க்கு ஜப்பான். தரச்சான்று காகிதங்கள் முழுமையாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கார் துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஓடும். கணக்கை 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிந்தைய விகிதத்தில் போடுவோம். சரக்குக் கட்டணம், கப்பல் காப்பீடு சேர்த்து 25 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 டாலருக்குள் இருப்பதால் சுங்கவரி 70 சதவீதம்: 17.5 லட்சம். ஆக 42.5. இதன்மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம்: 17 லட்சம். ஆக 59.5. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம்: சுமார் 11.9 லட்சம். இன்ஷூரன்ஸ், துறைமுகச் செலவு, ஏஜென்ட் கூலி சேர்க்காமலே 71 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. காரின் மதிப்பு 40,000 டாலரைத் தாண்டினால் சுங்கத்தில் மட்டும் 110 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் விகிதங்கள் இவை. காரை புக் செய்யும் வாரத்தில் ஒரு சுங்க ஏஜென்டிடம் மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அதோடு, சர்வீஸ் சென்டர் கிடையாது. உதிரி ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வரும். முன் கண்ணாடி உடைந்தால் மாதக்கணக்கில் கார் ஷெட்டில் நிற்கும்.

வேளச்சேரி வாசகர்: எம்ஜி சைபர்ஸ்டர் இதற்கெல்லாம் போட்டியா?

இரண்டு சீட், துணிக்கூரை, மின்சாரக் கார். ஆனால் சின்ன ரோட்ஸ்டர் அல்ல. நீளம் நாலரை மீட்டர், எடை இரண்டு டன்னை ஒட்டி, 510 குதிரைத்திறன். 2025 ஜூலையில் 75 லட்சத்தை ஒட்டிய விலையில் இந்தியாவுக்கு வந்தது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால்தான் அந்த விலையே சாத்தியம். இதை பிஎம்டபிள்யூ இசட்4 வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மின்சாரக் காருக்கான மாநில வரிச் சலுகை நீங்கள் பதிவு செய்யும் தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். உங்கள் பகுதியில் தண்ணீர் தேங்கும் என்பதையும் சொல்ல வேண்டும்: எந்த ரோட்ஸ்டரும் தாழ்வான கார். கதவின் அடிவிளிம்பு வரை தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

பெரம்பூர் வாசகர்: பெங்களூரில் ஒரு பழைய சான் ஸ்டார்ம் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

நம் நாட்டில் உருவான ரோட்ஸ்டர் என்ற பெருமைக்காகவே காப்பாற்ற வேண்டிய கார். 1990-களின் கடைசியில் வந்தது. 1,149 சிசி ரெனோ இன்ஜின், ஃபைபர் பாடி. பாடி துருப்பிடிக்காது, அடியில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். அதனால் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் காரை லிஃப்டில் ஏற்றி, சேஸிஸ் இணைப்புகளையும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். கதவுக் கீல், பூட்டு இருக்கும் இடங்களில் ஃபைபர் கீறியிருக்கிறதா, பட்டி வைத்து மறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். விளக்கு, கண்ணாடி, ரப்பர் பீடிங் எல்லாம் முழுசாக இருக்கும் காரையே எடுங்கள். இன்ஜின் வேலையை நல்ல மெக்கானிக் பார்த்துவிடுவார், விளக்கும் கண்ணாடியும் கிடைக்காது.

காகிதம்: 15 வருடம் தாண்டியதால் ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும் (படிவம் 25). கர்நாடகாவிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30, இங்கே புது எண்ணுக்கு 27. ஆர்சி காலாவதியான காருக்கு, விற்பவரையே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

திருவான்மியூர் வாசகர்: 2005 பிஎம்டபிள்யூ இசட்4, துணிக்கூரை. ஐப்பசி மழைக்குப் பிறகு காலடியில் ஈரம், பட்டனை அமுக்கினால் கூரை அசையவில்லை. பம்ப் மாற்றச் சொல்கிறார்கள்.

பம்ப் போயிருக்கலாம். ஆனால் காரணத்தை விட்டுவிட்டு பம்பை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் புதுப் பம்பும் போகும். கூரை மடிந்து இறங்கும் பள்ளத்தின் அடியில்தான் இந்தத் தலைமுறை இசட்4-இன் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழும் மழைநீர் இரு பக்க வடிகால் (டிரெயின்) குழாய் வழியே கீழே போக வேண்டும். வேப்பம்பூ, குல்மொஹர் இலைத்துணுக்கு, கடற்கரை மணல் சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் தேங்கி மோட்டார் மூழ்கும். மிச்சம் காலடிக்கு வரும்.

கூரையைக் கையால் பாதி தூக்கி, கட்டையோ கயிறோ கொடுத்து நிறுத்துங்கள். முட்டுக் கொடுக்காமல் கையை உள்ளே விடவே கூடாது. குப்பையைக் கையால் அள்ளுங்கள். புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் 3 மி.மீ. நைலான் கம்பியைக் குழாய்க்குள் மெதுவாக விட்டுச் சுழற்றுங்கள். கம்ப்ரஸர் காற்று வேண்டாம். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் சீட், டிரிம் எல்லாம் பிரிக்க வேண்டிவரும். பிறகு ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். சில நொடியில் காருக்கு அடியில் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

மோட்டாரை மாற்றத்தான் வேண்டும் என்றால், அதே இடத்தில் வைக்காமல் ஒயரையும் ஹோஸையும் நீட்டி டிக்கிக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த முறை டிரெயின் அடைத்தாலும் மோட்டார் நனையாது. காலடி கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஃபோமையும் வெயிலில் காயவையுங்கள். மேலே காய்ந்தும் கீழே ஈரம் இருந்தால் தரைத் தகடு அரிக்கும். நனைந்த கூரையை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பதால் செப்டம்பரில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் ஒருமுறை இந்தத் தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள். ரப்பர் பீடிங்குகளுக்கு சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும்.

வியாசர்பாடி வாசகர்: பழைய ஹேட்ச்பேக்கின் கூரையை வெட்டி இரண்டு சீட்டராக மாற்றித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள்.

வேண்டாம். கூரை அந்தக் காரின் பலத்தில் பெரும்பங்கு. வெட்டிய சில நாளிலேயே நடுப்பகுதி தொய்ந்து கதவு இறுகும், முன் கண்ணாடி கீறும். விபத்தில் புரண்டால் தலைக்கு மேல் காப்பு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்சியில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது. எஃப்சி (தகுதிச் சான்று) கிடைக்காது, இன்ஷூரன்ஸ் கிளெய்மும் நிற்காது.