இந்தி தெரியாமல் தாபாவில் உட்கார்வது எப்படி?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 25. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. நானும் அவளும் இங்கே ஒரே கல்லூரியில் படித்தவர்கள். போன வருடம் அவளுக்கு டெல்லி ஜே.என்.யூ.வில் எம்.ஏ. வரலாறு கிடைத்தது, போய்விட்டாள். அதிலிருந்து தினமும் ராத்திரி போன்தான். இப்போது முதல்முறையாக அவளைப் பார்க்கப் போகிறேன், நான்கு நாள். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் உன்னைப் பார்க்கணும்னு குதிக்கிறாங்க" என்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்தி சுத்தமாக வராது. ஆங்கிலம் எழுதிவிடுவேன், பேசத் திணறுவேன். அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் இருக்கிறான், அவன் பெயர் ஒரு நாளைக்குப் பத்து தடவை வருகிறது. சொல்லாமல் ஒரு நாள் முன்னாடியே போய் நின்றால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும் என்கிறான் என் நண்பன். எங்கே தங்குவது, அவர்களிடம் என்ன பேசுவது, ஒன்றும் புரியவில்லை.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, முதலில் அந்த நண்பனின் யோசனையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். சொல்லாமல் போய் நிற்பதற்குப் பெயர் சர்ப்ரைஸ் இல்லை, ரெய்டு. கோவையில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் மதியம்தான் டெல்லி. அத்தனை நேரம் உட்கார்ந்து போய் இறங்கும்போது அவளுக்கு மறுநாள் டெர்ம் பேப்பர் கொடுக்க வேண்டிய நாளாக இருந்தால்? அவள் தலையைச் சீவாமல், மூன்று நாள் தூக்கமில்லாமல் நூலகத்திலிருந்து வந்து நிற்பாள், அந்த முகத்தைப் பார்த்து "என்னைப் பார்த்ததில் சந்தோஷமே இல்லையா" என்று நீங்கள் நினைப்பீர்கள், முதல் நாளே மனக்கசப்பு. எந்த வாரம் அவளுக்கு மூச்சு விட நேரம் இருக்கிறது என்று கேட்டு அந்த வாரம் போங்கள். இப்போது ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து இப்படித்தான், முன்பு மாதிரி 120 நாள் கிடையாது. அதனால் ரொம்ப முன்னாடியே திட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒன்று மட்டும். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் மூடுபனியில் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், குளிரும் நம் ஊர் ஸ்வெட்டருக்கு அடங்காது. தீபாவளியை ஒட்டிப் போனால் காற்று கண்ணை எரிக்கும். பிப்ரவரி, மார்ச் முதல் பாதி ரொம்ப நன்றாக இருக்கும்.

இறங்கியதும் மெட்ரோ. புது டெல்லி நிலையத்தில் மஞ்சள் லைன், ஹவுஸ் காஸில் மாறி மெஜந்தா லைன், மூன்றாவது நிறுத்தம் முனிர்கா. அங்கிருந்து ஆட்டோ. வளாகத்து வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், ஆதார் கையில் இருக்கட்டும். பெண்கள் விடுதிக்குள் உங்களை விட மாட்டார்கள், அதனால் தங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அவளுடைய ஆண் நண்பர்களில் யாராவது "எங்கள் அறையில் தங்கட்டும்" என்று சொன்னாலும் அந்த விடுதி விதியில் அதற்கு இடமிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அபராதம் கட்டப்போவது அவன். முனிர்கா பக்கம் சின்னச் சின்ன தங்கும் விடுதிகள் உண்டு. இருவரும் சேர்ந்து அறை எடுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள் என்று தெரிகிறது. வயது வந்த, கல்யாணம் ஆகாத இரண்டு பேர் ஓட்டலில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் சொன்னது உங்கள் கோவையில் சீல் வைத்த ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் வழக்கில்தான். ஆனால் சட்டம் வேறு, ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவரின் முகம் வேறு. போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால் அவளிடம் கேளுங்கள்.

சரி, இப்போது நண்பர்கள். நீங்கள் நினைப்பது என்னவென்றால், அங்கே ஒரு பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து உங்களுக்கு இன்டர்வியூ வைக்கப் போகிறார்கள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். 1998-இல் என் வீட்டுக்காரர் (அப்போது வீட்டுக்காரர் இல்லை) ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. செய்துகொண்டிருந்தார். ஹைதராபாத் வரை ரயில், மூன்று நாள் இருந்தேன். அந்தக் கூட்டம் தெலுங்கும் இந்தியும் கலந்து பேசிச் சிரிக்கும், இவரும் சேர்ந்து சிரிப்பார், எனக்கு ஒன்றும் புரியாது. ராத்திரியானால் இவர்தான் எல்லோருக்கும் டீ போடுவாராம், கூட்டத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு ஒரு தடவைகூட டீ போட்டுக் கொடுத்ததில்லையே இந்த மனுஷன்! அடுத்த இரண்டு நாளும் தலைவலி என்று சொல்லி, அவரை மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு கோல்கொண்டா, சார்மினார், சாலர் ஜங் மியூசியம் என்று சுற்றினேன். படம் எல்லாம் நன்றாக வந்தது. ஆறு மாதம் கழித்து அவருக்கு டைபாய்டு. விடுதியில் இருந்த ஒரே போனுக்கு அடித்தேன், யாரோ எடுத்தார்கள். யாரைக் கூப்பிடச் சொல்வது? அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை. "அந்த... கண்ணாடி போட்ட, உயரமானவர்" என்று கேட்டு, எதிர்முனையில் சிரிப்பு. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது எல்லாம் நான் முகம் திருப்பிய அதே ஆட்கள்.

அதனால் சொல்கிறேன், நீங்கள் போய் அவர்களைக் கவரத் தேவையில்லை. நள்ளிரவில் அவளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருக்கப்போவது யார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கிளம்பும்போது அவளுக்குத் தெரிந்தே, அவள் முன்னாலேயே, ஒரு தோழியின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு மட்டும். "அவ சாப்டாளா" என்று தினமும் அந்தத் தோழிக்கு மெசேஜ் போடுவதற்கு இல்லை!

மொழி பற்றிப் பயப்படாதீர்கள். ஜே.என்.யூ. கூட்டம் என்றால் பீகார், வங்காளம், மணிப்பூர், கேரளா, ஒடிசா என்று கலந்துதான் இருக்கும். அதில் இரண்டு பேராவது உங்களை மாதிரியே இந்தி தெரியாமல் வந்து இறங்கி, முதல் மாதம் முழுக்க விரலைக் காட்டிச் சாப்பாடு வாங்கியவர்களாக இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பத்துப் பேரிடம் பேசுவது கஷ்டம், ஒருவரிடம் பேசலாம். "உங்கள் ஊரில் இந்நேரம் என்ன சாப்பிடுவீர்கள்" என்பது தப்பும் தவறுமான ஆங்கிலத்திலும் கேட்கக்கூடிய கேள்விதான். அவளை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள், ஒவ்வொரு ஜோக்குக்கும் அவள் நிறுத்தி விளக்கினால் ஜோக்கும் செத்துவிடும், அவளும் களைத்துவிடுவாள். புரியாமல் அரை மணி நேரம் சும்மா இருப்பதில் ஒரு அவமானமும் இல்லை. கையில் டீ இருக்கிறது, எதிரே அவள் இருக்கிறாள், வேறென்ன வேண்டும்?

பேச்சுக்கு விஷயமும் அங்கேயே கிடக்கிறது. விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். கோதாவரி, சபர்மதி, நம் காவேரிகூட உண்டு. பெரியார் என்றொரு விடுதியைப் பார்த்ததும் பரவசப்பட்டுவிடாதீர்கள், அது கேரளத்து ஆறு. வளாகம் ஆயிரம் ஏக்கர், பாதி ஆரவல்லிப் பாறையும் முள்காடும், மயில் குறுக்கே ஓடும். சாயங்காலம் பி.எஸ்.ஆர். என்று ஒரு பாறைமேட்டுக்குக் கூட்டிப் போவார்கள். பார்த்தசாரதி ராக்ஸ், முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதியின் பெயர், நம் சென்னைக்காரர். இதை நீங்கள் சொன்னால் அங்கே இரண்டு வருடம் இருப்பவர்களே "அப்படியா" என்பார்கள். அப்புறம், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் டீக்கடையான கங்கா தாபாவில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அரசியலில்தான் போய் நிற்கும். நீங்கள் தமிழ்நாடு என்றதும் "ஏன் உங்கள் ஊரில் இந்தி வேண்டாம் என்கிறீர்கள்" என்று யாராவது கேட்பார்கள். 1965 தொடங்கி நீட் வரைக்கும் நீங்களே மாநிலத்தின் சார்பில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் சண்டை போடக் கேட்பதில்லை, அங்கே அதுதான் விளையாட்டு.

கையில் ஏதாவது கொண்டு போங்கள். வர்க்கி வேண்டாம், இரண்டு ராத்திரி ரயிலில் தூளாகிவிடும். மைசூர்பா தாங்கும், நேந்திரம் சிப்ஸ் தாங்கும். பணம் விஷயத்தில், நீங்கள் சம்பாதிக்கிறவர், அவர்கள் மாணவர்கள், ஒரு வேளை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், நான்கு நாளும் பர்ஸைத் திறந்தபடி இருக்காதீர்கள். அவர்கள் கொடுக்கிற டீயைக் குடிக்கவும் தெரிய வேண்டும். நான்கு நாளில் அவளுக்கு வகுப்பு இருந்தால் போகட்டும், நீங்கள் தனியாகக் குதுப் மினார் போய் வாருங்கள், பக்கம்தான்.

கடைசியாக அந்தப் பையன். மறைக்கிறவள் பத்து தடவை பெயர் சொல்ல மாட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பி உங்கள் வயிறு அடங்காது என்று எனக்குத் தெரியும். ரயில் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால், போனில், சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள்: "அவன் பேர் அடிக்கடி வரும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துது, என் பிரச்சினைதான், ஆனா சொல்லிடணும்னு தோணுச்சு." அவள் கோபப்பட்டால் ஒரு வாரம் இருக்கிறது, சமாதானம் ஆகலாம். சொல்லாமல் போய், தாபாவில் அவன் கை குலுக்க வரும்போது "ஓ, இவன்தானா" என்று ஒரு முகம் காட்டினீர்கள் என்றால் அதை அத்தனை பேரும் பார்ப்பார்கள், அந்த முகத்துக்கு அவள்தான் மாதக்கணக்கில் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய போனை எடுத்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நான் சென்னையில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறேன். நான் காதலிப்பவர் நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருக்கிறார், பத்தாவது வரைதான் படிப்பு. அடுத்த மாதம் என்னைப் பார்க்க வருகிறார். என் தோழிகள் எல்லாம் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுபவர்கள். அவரைக் கிண்டல் செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வெளியில் மட்டும் சந்தித்துவிட்டு அனுப்பிவிடலாமா?
- விடுதி மாணவி, சென்னை

பதில்: கண்ணு, கடிதத்தில் "என் தோழிகள்" என்று நான்கு வரி எழுதியிருக்கிறாய், எனக்கு அதில் உன் குரல்தான் கேட்கிறது. கூச்சம் உனக்கு. அதில் தப்பில்லை, ஆனால் அதை அவர்கள் தலையில் ஏற்றாதே. வெளியில் சந்தித்து அனுப்பிவிட்டால் அவருக்குப் புரியாது என்று நினைக்கிறாயா? பட்டறை நடத்துகிறவர், ஒரு நாளைக்கு இருபது டிரைவர் முகத்தைப் படிக்கிறவர், பஸ் ஏறும்போதே புரிந்துவிடும்.

பன்னிரண்டு பேர் முன்னால் நிறுத்தாதே, அவ்வளவுதான். உனக்கு ரொம்ப நெருக்கமான ஒரே ஒரு தோழியை முதலில் பழக்கு. அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் வருவதற்கு முன்பே, மெல்லாமல் விழுங்காமல், அவளிடம் சொல்லிவிடு. "பிசினஸ் பண்றார்" என்று மழுப்பினால் அன்றைக்கு அவர் கையில் இருக்கும் கிரீஸ் கறை உன்னைக் காட்டிக் கொடுக்கும். என்ன சட்டை போட வேண்டும் என்று அவருக்கு மெசேஜ் அனுப்பாதே. பெசன்ட் நகர் கடற்கரையில் மூன்று பேரும் நடங்கள், உட்கார்ந்த இடத்தில் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதைவிட நடந்துகொண்டே பேசுவது கூச்சக்காரர்களுக்கு லேசு. ஒரு தோழி கிண்டல் செய்தாள் என்றே வை, நீ சிரிக்காமல் இருந்தால் அந்தக் கிண்டல் அங்கேயே விழுந்துவிடும். நீயும் சேர்ந்து சிரித்தால்தான் அவருக்கு வலிக்கும்.

கேள்வி: என் மகளுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது, ஆவணியில் கல்யாணம். அவள் பெங்களூரில் பி.எச்டி. செய்கிறாள். மாப்பிள்ளைப் பையன் அவளைப் பார்க்கவும் அவள் நண்பர்களைச் சந்திக்கவும் போக வேண்டும் என்று எங்களிடம் அனுமதி கேட்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் இது சரியா? சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்களே?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அனுமதி கேட்கிற மாப்பிள்ளை கிடைத்திருக்கிறார், சந்தோஷப்படுங்கள் அம்மா. போகட்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எப்படிப்பட்ட ஆட்களோடு, எத்தனை மணி வரைக்கும் ஆய்வகத்தில் இருக்கிறாள் என்று நேரில் பார்த்துவிட்டால், பின்னால் "ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன வேலை" என்ற கேள்வி வராது. சொந்தக்காரர்களுக்கு நீங்கள் சொல்லாமல் எப்படித் தெரியப்போகிறது? மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை, அவளுக்கு அந்த வாரம் தோதா என்று கேளுங்கள், அவளை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டிருக்கிறாரே என்பதுதான் எனக்குச் சின்னக் குறை.

அல்வா கொடுத்து அனுப்புவீர்கள் என்று தெரியும். கால் கிலோ போதாது, ஆய்வகத்தில் எத்தனை பேர் என்று மகளிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.