வேலையை விடாதீர்கள், ஷிஃப்டை மாற்றுங்கள்

கேள்வி: வயது 28. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். சிறுசேரியில் ஐந்து வருடமாக ஐ.டி. சப்போர்ட் வேலை. மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து நடுராத்திரி இரண்டரை வரை ஷிஃப்ட். கேப் பிடித்து ரூமுக்கு வந்து படுக்க நாலு ஆகிவிடும். போன வருடம் ஐ.ஐ.எம். மாதிரி மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதினேன். மொத்தம் 81 பெர்சன்டைல் (எழுதியவர்களில் 81 சதவீதம் பேரைத் தாண்டியிருக்கிறேன்). கணக்கில் 92, டேட்டா - லாஜிக் பகுதியில் 78, ஆங்கிலத்தில் 62. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இந்த ஜூனோடு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கலாமா? அப்பா ரிடையர் ஆகிவிட்டார், தங்கை காலேஜில் இருக்கிறாள். ‘கையில இருக்கிற வேலையை விட்டுட்டு என்னடா படிப்பு?’ என்கிறார் அம்மா.
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். அவர் சம்பளத்தை நினைத்துச் சொல்கிறார். நான் உங்கள் மார்க்கைப் பார்த்துச் சொல்கிறேன்.

கணக்கில் 92 எடுத்தவருக்குப் படிக்க நேரமில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். உங்களை இழுத்துப் பிடித்தது ஆங்கிலம். பெரிய ஐ.ஐ.எம்.களில் மொத்தத்துக்கு ஒரு கட்-ஆஃப், ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒரு கட்-ஆஃப். கணக்கில் 99 வாங்கினாலும் ஆங்கிலத்தில் 62 என்றால் கதவு திறக்காது. வேலையை விட்டு ரூமில் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்? பிடித்த கணக்கையே போட்டுக்கொண்டு இருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். போதாததற்கு, இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே ‘ஏன் வேலையை விட்டீங்க?’ என்றுதான் வரும்.

தமிழ் மீடியம் என்ற பயத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விகள் என்றால் அதில் 16 பத்தியைப் படித்துப் பதில் சொல்வது: நாலு பத்தி, பத்திக்கு நாலு கேள்வி. கடினமான வார்த்தைக்கு அர்த்தம் கேட்பதெல்லாம் எப்போதோ போய்விட்டது. தத்துவம், மானுடவியல், சூழலியல் என்று பழக்கமில்லாத விஷயத்தைக் கொடுத்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்கிறார்கள். நாளிதழ் தலையங்கம் மட்டும் படித்தால் இதற்குப் போதாது. ஏயான் (Aeon) போன்ற ஆங்கில இணைய இதழ்களில் வரும் நீளமான கட்டுரைகளைப் படியுங்கள். அங்கிருந்து எடுத்த பத்திகள் கேட்டிலேயே வந்திருக்கின்றன. தினமும் ஒன்று. படித்து முடித்ததும் மூடிவைத்துவிட்டு, சாரத்தைத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். ஆமாம், தமிழில்தான். ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையாளரின் வார்த்தையையே திருப்பிப் போட்டுத் தப்பித்துவிடலாம். தமிழில் அப்படி ஏமாற்ற முடியாது. இரண்டு வரி வரவில்லையா, கட்டுரை புரியவில்லை என்று அர்த்தம்; திரும்பப் படியுங்கள். போகும்போது கேபில் ஒன்றைப் படித்துவிடலாம். (திரும்பி வரும்போது வேண்டாம், தூங்குங்கள்.)

அடுத்து மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு. எத்தனை எழுதினேன் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எழுதியதைத் திரும்பப் பார்ப்பவர்கள் குறைவு. என் ஞாயிறு வகுப்புக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு பெண் வருவார், வங்கி வேலை. மாக் எழுதிய மறுநாள், ஒரு இருநூறு பக்க நோட்டில் கேள்வி எண், எத்தனை நிமிடம் ஆனது, ஏன் தப்பானது என்று மூன்று கட்டம் போட்டு நிரப்புவார். நாலாவது மாக் முடிந்து அந்த நோட்டைப் புரட்டினோம். தப்பான ஒன்பதில் ஆறு, நாலு நிமிடத்துக்கு மேல் விடாமல் மல்லுக்கட்டியவை. பாடம் தெரியாமல் தப்பானது ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் அவர் புதிதாக எதுவும் படிக்கவில்லை, நாலாவது நிமிடம் வந்ததும் விட்டுவிடப் பழகினார். மார்க் ஏறியது.

டேட்டா - லாஜிக் பகுதியில் இது இன்னும் முக்கியம். 2024 கேட்டில் அந்தப் பகுதிக்கு 22 கேள்விகள், ஐந்து செட் (ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்விகள் ஒரு செட்), 40 நிமிடம். ஐந்தையும் போட்டாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாலைந்து நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஐந்தையும் படியுங்கள், மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று செட்டைச் சுத்தமாக முடித்தவர், ஐந்திலும் கைவைத்தவரைத் தாண்டிப் போய்விடுவார். சரிக்கு 3, தப்புக்கு கழித்தல் 1. ஆனால் விடையை நாமே டைப் செய்கிற கேள்விக்கு நெகட்டிவ் கிடையாது. அதை மட்டும் காலியாக விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். பழைய பேப்பர் போடுவதானால் 2020-லிருந்து எடுங்கள். அதற்கு முன்னால் பகுதிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், அந்த வேகம் இப்போது உதவாது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு ஒரே நாளில் மூன்று வேளை நடக்கிறது: காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30. எந்த வேளை என்று அவர்கள்தான் ஒதுக்குவார்கள், நாம் கேட்டு வாங்க முடியாது. காலை வேளை கிடைத்தால் ஏழு, ஏழரைக்கே சென்டர் வாசலில் நிற்க வேண்டும். நாலு மணிக்குப் படுக்கிற உடம்புக்கு அது நடுராத்திரி. ஐந்து மாதம் படித்ததெல்லாம் அந்த இரண்டு மணி நேரக் கொட்டாவியில் போய்விடும். போன வருடம் உங்களுக்கு எந்த வேளை வந்தது? காலை என்றால், 81-இல் கொஞ்சம் தூக்கத்தின் கணக்கும் இருக்கலாம். அதனால் நவம்பர் மாதம் மட்டுமாவது பகல் ஷிஃப்ட் கேளுங்கள். அதுவரை ஞாயிறு மாக்கை ஒரு வாரம் காலை எட்டரைக்கு, ஒரு வாரம் மதியத்தில் என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். ஷிஃப்ட் நாளில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை படித்தால் போதும். ராத்திரி வந்து படிக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஐந்து வருட அனுபவம் உள்ளவருக்கு கேட் மட்டும்தான் வழி என்றில்லை. ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் ஓராண்டுப் படிப்பு, ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) போன்றவை ஜிமேட் (GMAT) என்ற சர்வதேசத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கின்றன. கேட் மதிப்பெண் ஒரு சேர்க்கைக்குத்தான் உதவும், ஜிமேட் ஐந்து வருடம் செல்லும். தேதியையும் நேரத்தையும் நாமே பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் ஷிஃப்டுக்கு இது எவ்வளவு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையை விடவே முடியாத நிலை என்றால், ஐ.ஐ.எம். திருச்சி சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்காகவே வார இறுதியில் வகுப்பு நடத்துகிறது. பெரிய ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்துக்கு மேல். கடன் கிடைத்துவிடும், ஆனால் தங்கை படிப்பு முடிகிற வருடத்தையும் பக்கத்தில் எழுதிவைத்துப் பாருங்கள்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடிவிடும், தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. ஷிஃப்ட் பேச்சை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். நவம்பர் ரோஸ்டர் போட்ட பிறகு போய் நின்றால் ‘முன்னாடியே சொல்லியிருக்கலாமே’ என்பார் மேனேஜர். இந்த வாரமே வாயால் கேட்டுவிட்டு, அன்றைக்கே ஒரு மெயிலும் போட்டு வையுங்கள்.