மருத்துவர் பதில்கள்: நெஞ்சில் நிற்கும் கவளம்

கேள்வி: என் கணவருக்கு வயது 36. சாப்பிட உட்கார்ந்தால் எழுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பார். சென்ற மாதம் ஒரு விருந்தில் கோழித் துண்டு நெஞ்சில் சிக்கி, இரவோடு இரவாக எண்டோஸ்கோப்பி மூலம் எடுத்தார்கள். பயாப்ஸி (திசுத் துணுக்குப் பரிசோதனை) பார்த்துவிட்டு ‘ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ்’ என்று சொல்லி, அசிடிட்டி மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். அவருக்கு நெஞ்செரிச்சலே கிடையாது. இரண்டு வாரத்திலேயே விழுங்குவது எளிதாகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? மறுபடியும் எண்டோஸ்கோப்பி செய்யத்தான் வேண்டுமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மாத்திரையை இப்போது நிறுத்த வேண்டாம், மறு எண்டோஸ்கோப்பியும் அவசியமே. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஈசினோஃபில் என்பது ஒவ்வாமையிலும் குடற்புழுத் தொற்றிலும் பெருகுகிற ஒரு வகை வெள்ளணு. இரைப்பையிலும் குடலிலும் அது ஓரளவு இருப்பது இயல்பு. ஆனால் ஆரோக்கியமான உணவுக்குழாயின் உட்சுவரில் அது அறவே இருப்பதில்லை. நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு புலத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோஃபில்கள் தென்பட்டு, விழுங்குவதில் சிரமமும் இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் இந்த நோய், அதாவது ஈசினோஃபில்களால் வரும் உணவுக்குழாய் அழற்சி, உறுதியாகிறது. 1990-களின் தொடக்கம் வரை இந்த அணுக்களைக் கண்டால், அமிலம் மேலேறுவதன் விளைவு என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். 1993, 1994 ஆண்டுகளில்தான் இது தனி நோயாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலானோருக்கு இதைத் தூண்டுவது உணவிலுள்ள புரதமே. ஆஸ்துமா, மூக்கொழுகல், தோல் அரிப்பு போன்றவை உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. பார்த்தீனியம் மண்டிக் கிடக்கும் இந்த ஊரில் தும்மலோடு வருகிறவர்களிடம் நான் ‘சாப்பாடு எப்படி இறங்குகிறது?’ என்றும் சேர்த்தே கேட்பதற்கு அதுதான் காரணம்.

நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கு அசிடிட்டி மாத்திரை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒமேப்ரசோல், பான்டோபிரசோல் வகை மருந்துகள் அமிலத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை; ஈசினோஃபில்களை உணவுக்குழாய்க்கு இழுத்து வருகிற ‘இயோடாக்சின்-3’ என்ற பொருளை அதன் சுவர்ச் செல்கள் உண்டாக்குவதையும் அவை மட்டுப்படுத்துகின்றன. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மாத்திரையே போதுமானதாக இருக்கிறது. ஆனால் வழக்கமான அசிடிட்டிக்குத் தருவதைவிடக் கூடுதலாக, பொதுவாகக் காலை, இரவு இருவேளையும், உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, 8 முதல் 12 வாரம் வரை சாப்பிட வேண்டும்.

இந்த நோயில் உடல் சொல்லும் செய்தியை முழுமையாக நம்ப முடியாது என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகள் சிரமப்பட்டவர்கள் தம்மை அறியாமலே சாப்பிடும் முறையை மாற்றிக்கொள்கிறார்கள்: சப்பாத்தியைக் குழம்பில் ஊறவைக்கிறார்கள், இறைச்சியைத் தவிர்க்கிறார்கள், ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் ஊற்றி இறக்குகிறார்கள், பந்தியில் கடைசியாக எழுகிறார்கள். மெல்லாமல் விழுங்குவதே வழக்கமான கேழ்வரகுக் களியை, ‘பிடிக்காது’ என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இப்படிப் பழகியவர் ‘இப்போது தேவலை’ என்று சொல்லும்போது, அழற்சி தணிந்ததா, அல்லது அவர் சாமர்த்தியமாகச் சாப்பிடுகிறாரா என்று வெளியிலிருந்து கண்டறிய இயலாது. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சுவர் தடித்து, உணவுக்குழாய் வளையம் வளையமாகச் சுருங்கிவிடும். எனவே மருந்து முடிந்ததும் மறுபடி பயாப்ஸி எடுத்து எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்வைக்கு உட்சுவர் சீராகத் தெரிந்தாலும், மேலிருந்தும் கீழிருந்துமாகக் குறைந்தது ஆறு துணுக்குகள் எடுக்கச் சொல்லுங்கள். நோய் திட்டுத்திட்டாக இருப்பதால் ஓரிரு துணுக்குகளில் தப்பிவிடும்.

மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால் அடுத்தது ஸ்டீராய்டு. அதை ரத்தத்தில் பெருமளவு கலக்கும்படி தருவதில்லை. உணவுக்குழாயின் சுவரில் படியும்படி தருகிறோம். ஆஸ்துமாவுக்கான ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலரை வாயில் அடித்து, மூச்சை உள்ளிழுக்காமல், விழுங்கச் சொல்வோம். அல்லது நெபுலைசருக்கான புடெசோனைடு திரவத்தைத் தேனில் குழைத்து மெதுவாக விழுங்கச் சொல்வோம். மருந்தட்டையில் ‘உள்ளிழுக்கவும்’ என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு அப்படியே செய்து, ‘பலனே இல்லை’ என்று திரும்பி வருகிறவர்கள் பலர். மருந்துக்குப் பின் அரை மணி நேரம் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது; பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லையெனில் வாயில் பூஞ்சை படரக்கூடும். சுருக்கம் முற்றியிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக விரிவாக்கலாம். அது வழியைத் திறக்குமே தவிர அழற்சியைத் தணிக்காது. டூபிலுமாப் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2022 மே மாதம் இந்நோய்க்காக அனுமதி கிடைத்தது. விலை மிக அதிகம் என்பதால், மற்றவை பலிக்காதபோதே அதை நினைத்துப் பார்ப்பது நியாயம்.

மறுபடியும் உணவு சிக்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிந்தால், மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கித் தள்ளப் பார்க்க வேண்டாம். அடைப்பின் மேல் இன்னோர் அடைப்பாகிவிடும். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் 9 வயது மகளுக்கும் இதே நோய். பாலை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார் மருத்துவர். நாங்கள் சைவம், தயிர் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. லாக்டோஸ் நீக்கிய பால் தரலாமா? ரத்தத்தில் அலர்ஜி பரிசோதனை செய்து, காரணமான உணவை நேரடியாகக் கண்டுபிடித்துவிட முடியாதா?
– வாசகர், மல்லேசுவரம், பெங்களூரு

பதில்: லாக்டோஸ் என்பது சர்க்கரை, இங்கே குற்றவாளி பாலின் புரதம். ஆகவே லாக்டோஸ் நீக்கிய பாலும், தயிரும், மோரும், பனீரும் ஒன்றே. நெய்யிலும் புரதத்தின் எச்சம் இருக்கும் என்பதால், சோதனைக் காலத்தில் அதையும் விட்டுவிடுவது நல்லது. மைசூர்பாகு, பால் பவுடர் சேர்த்த பிஸ்கட், பேக்கரி ரொட்டி ஆகியவற்றையும் கவனியுங்கள். தேங்காய்ப் பால் தரலாம்.

ரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் இந்த நோயின் காரணத்தைச் சரியாகச் சுட்டுவதில்லை. ஏனெனில் இது உடனே தடிப்பை உண்டாக்கும் வகை ஒவ்வாமை அன்று. ரத்தத்திலுள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தை அளந்து நூற்றுக்கணக்கான உணவுகளைப் பட்டியலிட்டுத் தரும் ‘ஐஜிஜி’ பரிசோதனைகளுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பத்து உணவுகளை நிறுத்தி, குழந்தையை மெலியவைத்து அழைத்து வரும் பெற்றோர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முன்பெல்லாம் பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகைகள் ஆகிய ஆறையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது வழக்கம். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆறையும் நிறுத்திய பெரியவர்களில் 40 சதவீதத்தினருக்கும், பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதத்தினருக்கும் நோய் தணிந்தது. வேறுபாடு பெரிதன்று என்பதால், பாலில் தொடங்கும் உங்கள் மருத்துவரின் யோசனை சரியானதே. பின்னால் கோதுமையையும் நிறுத்த நேர்ந்தால், கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சாம்பார் வழியாக நாள்தோறும் உள்ளே போய்விடும். இட்லியும் தோசையும் தடையில்லை. கால்சியத்துக்குக் கேழ்வரகு உதவும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆயினும் வளரும் குழந்தை என்பதால், உயரமும் எடையும் மாதந்தோறும் குறிக்கப்பட வேண்டும்; உணவியல் நிபுணரின் மேற்பார்வையும் தேவை.

கேள்வி: எனக்கு அடிக்கடி வயிற்று வலி, பேதி. ரத்தத்தில் ஈசினோஃபில் 14 சதவீதம். இதுவும் அதே நோயா? ஸ்டீராய்டு சாப்பிடலாமா?
– வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: ரத்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. நம் நாட்டில் இந்த எண்ணிக்கை உயர்ந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது குடற்புழு. அடுத்து, சாப்பிடும் மருந்துகள். இரைப்பையிலும் குடலிலும் ஈசினோஃபில்கள் கூடும் நோய் உண்மையில் உண்டு. ஆனால் அது அரிது. உட்சுவரைத் தாக்கினால் பேதியும் ரத்தசோகையும், தசையடுக்கைத் தாக்கினால் அடைப்பும், வெளியுறையைத் தாக்கினால் வயிற்றில் நீர்க்கோப்பும் ஏற்படும்.

ஸ்டீராய்டை நீங்களாகத் தொடங்கவே கூடாது. வெறுங்காலில் மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கைலாய்டிஸ் என்ற புழு, அறிகுறியே காட்டாமல் பல ஆண்டுகள் குடலில் தங்கியிருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியும். ஒருமுறை மலப் பரிசோதனை செய்து ‘இல்லை’ என்று வந்தால் போதாது. வெவ்வேறு நாள்களில் பார்க்க வேண்டும், இயன்றால் அப்புழுவுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இவை எல்லாம் தெளிவான பிறகும் வலி தொடர்ந்தால், இரைப்பைக் குடல் நிபுணரிடம் மேலும் கீழுமாக எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் செய்துகொள்ளுங்கள். இதுவரை சாப்பிட்டு வரும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உட்பட, முதல் சந்திப்பிலேயே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.